ஆயக்கட்டு மாறிய குளம்

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக்கில் இருக்கும் வுட்பிரிட்ஜ் ஆற்றங்கரைக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: என்ன அமைதியான இடம்! இப்ஸ்விச்சிலும் மார்டில்ஷமிலும் குடியிருக்கும் நம்மவர்களில், ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும்போது ஒரு சனிக்கிழமையாவது அவர்களை அங்கே அழைத்துப் போகாத குடும்பம் அநேகமாக இருக்காது. ரயிலை விட்டு இறங்கினால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமே டெபன் ஆறு. எந்தப் பக்கம் திரும்பினாலும் நடைபாதை. சற்றுத் தள்ளி, வெள்ளைப் பலகை வேய்ந்த பழைய மாவு ஆலை. அதை ஒட்டிச் சின்னதும் பெரியதுமாகப் பாய்மரப் படகுகள் கட்டிக் கிடக்கும் படகுத்துறை. முழங்கால் வலிக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம், பிள்ளைகளை ஓடவிடலாம், கொண்டுபோன புளியோதரையை யாரும் முறைத்துப் பார்க்காமல் சாப்பிடலாம். நானும் எத்தனையோ பேருக்கு இந்த இடத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு முணுமுணுப்பு எழும். அது என்ன என்று எழுதிப் பார்த்துவிடலாம் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

படகுகள் நிற்கும் அந்த நீர்ப்பரப்பு ஆறு அல்ல. ஆலைக்காக வெட்டிய குளம். ஆலையை ஓட்டுவதற்கென்று கடலின் ஏற்றத்தைப் பிடித்து வைத்த சுமார் 7 ஏக்கர் குளம் இன்று படகுகளைத் தாங்கி நிற்கிறது. ஆலைக்கு மிஞ்சியிருப்பதோ, பிற்பாடு வெட்டிக்கொடுத்த அரை ஏக்கர். ஊர்க்காரர்களில் வயதானவர்கள் சிலர் இதைச் சற்றுக் கசப்போடு சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் அந்தக் கட்சிதான். ஓர் ஆலையிடமிருந்து அதன் தண்ணீரை எடுத்துவிட்டுக் கட்டடத்துக்கு மட்டும் வெள்ளை அடித்து வைப்பதில் எதைக் காப்பாற்றுகிறோம் என்பதே என் முணுமுணுப்பு. நாம் மெச்சுகிற அந்த அமைதி, வேலை நின்றுபோன ஒரு குளத்தின் அமைதி என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

சத்தம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. காற்றுச் சற்று எழும்பினால் பாயை ஏற்றும் கயிறுகள் அலுமினியப் பாய்மரங்களில் மோதி, ஒன்று விரைவாகவும் இன்னொன்று மெதுவாகவும், தாளம் கூடாமல் கிணுகிணுக்கத் தொடங்கும். பொறுப்பான படகுக்காரர்கள் கரைக்குப் போகும்முன் அந்தக் கயிற்றை ஓர் இழுப்பு நாடாவால் பாய்மரத்திலிருந்து விலக்கிக் கட்டிவிட்டுப் போவார்கள். அப்படிக் கட்டாமல் போனவர்களின் கைங்கரியம்தான் நாம் ஆற்றங்கரை இசை என்று கைப்பேசியில் பதிவுசெய்து குடும்பக் குழுவுக்கு அனுப்புவது.

இரண்டு குளங்கள்

ஆலை எப்படி ஓடியது என்பதைச் சொல்லாமல் இந்த வழக்கைப் புரியவைக்க முடியாது. கடலில் ஏற்றம் வரும்போது, கடலிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வுட்பிரிட்ஜ் வரைக்கும் டெபன் ஆறு பின்னோக்கி ஏறி வரும். ஏறிவரும் நீர், குளத்தின் ஒருவழிக் கதவுகளைத் தானே தள்ளித் திறந்துகொண்டு உள்ளே பாயும். ஏற்றம் உச்சியைத் தொட்டுத் திரும்பத் தொடங்கியதும், உள்ளே நிறைந்த நீரே அந்தக் கதவுகளை அழுத்தி மூடிவிடும். இதில் மனிதக் கைக்கு வேலை இல்லை. அதன்பிறகுதான் ஆலைக்காரருக்குக் காத்திருப்பு. ஆற்றில் நீர் மட்டம் இறங்கிச் சக்கரத்தின் அடிப்பகுதி நீரிலிருந்து விடுபடும் வரை மதகைத் திறந்து பயனில்லை. நீருக்குள் மூழ்கிய சக்கரம் சுழலாது. வற்றம் போதிய அளவு இறங்கியதும் மதகைத் தூக்கினால், அடுத்த ஏற்றம் வந்து சக்கரத்தை மறுபடி மூழ்கடிக்கும் வரை ஏறக்குறைய 4 மணி நேரம் அரைக்கலாம். அதற்குள் வண்டியில் வந்த கோதுமையெல்லாம் மாவாகிவிட வேண்டும்.

ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் என்பதால், ஆலைக்காரரின் வேலை நேரம் நாள்தோறும் 50 நிமிடம்போலத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். இன்று காலை பத்துக்குத் தொடங்கினால் ஒரு வாரம் கழித்து மாலை நான்கு. இடையில் விழும் இரவுப் பொழுதுகளில் விளக்கை ஏற்றிக்கொண்டு அரைக்க வேண்டும். சூரியனைப் பார்த்து உழைக்கிற ஓர் ஊரின் நடுவே ஒரே ஒரு குடும்பம் சந்திரனைப் பார்த்து உழைத்திருக்கிறது. அந்த மனிதரின் தூக்கத்தைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அவருடைய மனைவியின் தூக்கத்தைப் பற்றியும்தான்; அடுப்பு எப்போது மூட்டுவது என்பதையும் அந்தச் சந்திரனே தீர்மானித்திருக்கும்.

அந்த இடத்தில் ஓத ஆலை, அதாவது கடலின் ஏற்றவற்றத்தால் ஓடும் ஆலை, இருந்ததற்கான முதல் பதிவு 1170ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இப்போது நிற்கும் மரக் கட்டடம் 1793இல் கட்டப்பட்டது. 1957இல் சக்கரத்தின் பெரிய ஓக் தண்டு முறிந்தபோது ஆலை நின்றது. வணிகத்துக்காக ஓடிய ஓத ஆலைகளில் பிரிட்டனிலேயே கடைசி அதுதான். அடுத்து வந்த ஆண்டுகளில் பாழடைந்த கட்டடத்தைச் சீந்துவாரில்லை, பக்கத்திலேயே 7 ஏக்கர் தண்ணீர் சும்மா கிடந்தது. 1960களில் அது படகுத்துறையானது. 1968இல் ஜீன் கார்ட்னர் என்ற பெண்மணி ஆலையை விலைக்கு வாங்கினார். 1973இல் அது பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது. பிறகு 2011இல் புதுச் சக்கரம் பூட்டி, பொறிகளையெல்லாம் செப்பனிட்டு, 2012 முதல் மறுபடி மாவு அரைக்கிறார்கள். நடத்துபவர்கள் தன்னார்வத் தொண்டர்கள். ஹாம்ப்ஷயரில் உள்ள ஈலிங் ஆலையைத் தவிர நாட்டில் இப்படி அரைக்கும் ஓத ஆலை வேறில்லை.

இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று விளங்கும். படகுத்துறை ஆலையைக் கொல்லவில்லை. ஆலை விழுந்து கிடந்தபோது அதன் சொத்து கைமாறியது, அவ்வளவுதான். பதினொரு ஆண்டுகள் முன்னதாகவே ஜீன் கார்ட்னர் வந்திருந்தால் குளமும் ஆலையும் பிரியாமல் இருந்திருக்குமோ என்று கேட்கலாம். அப்படி இருந்திருந்தால் 7 ஏக்கர் குளத்தைத் தூர்த்துவிடாமல் காத்துவைக்கும் செலவை யார் ஏற்றிருப்பார்கள் என்றும் கேட்கலாம். இந்த இரண்டு கேள்விக்கும் நடுவேதான் நான் நெடுநாள் நின்றுகொண்டிருந்தேன்.

கரைமேல் நடப்பது

கடந்த ஆண்டு கோடையில் என் மாமனார் வந்திருந்தார். பொதுப்பணித்துறையில் முப்பதாண்டுக்கு மேல், பெரும்பாலும் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள வாய்க்கால்களிலும் மதகுகளிலும் காலம் கழித்து ஓய்வுபெற்றவர். லண்டனைக் காட்டியபோது தேம்ஸின் கரைச்சுவரைத்தான் அதிகம் பார்த்தார். அவரை வுட்பிரிட்ஜுக்கு அழைத்துப்போக நாள் பார்த்தபோது, அமாவாசை கழிந்து இரண்டாம் நாளாக அமைந்தது. அதை நான் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே நீர் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அந்த நாட்களில் ஏற்றத்தின் உச்சி பெரும்பாலும் நண்பகலைத் தாண்டி விழும். மதியம் போய், ஒரு நடை நடந்து, மாலையில் திரும்பினால் நிறைந்த ஆற்றையும் வற்றிய ஆற்றையும் ஒரே நாளில் காட்டிவிடலாம்.

போய் இறங்கியபோது ஆறு கரை முட்ட நின்றது. அவருக்கு முகம் மலர்ந்தது. ஆலையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, தென்திசையில் கைசன் முனையை நோக்கி நடந்தோம். அந்தப் பாதை முழுவதும் ஆற்றின் கரைமேலேயே போகிறது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தாழ்வான புல்வெளியும் ரயில் பாதையும். கரையை அவர் நடந்து ரசிக்கவில்லை, சோதித்தார். மேல் அகலம் எவ்வளவு, ஆற்றுப்பக்கச் சரிவில் கல் பதித்திருக்கிறார்களா, எங்கே நீர் கசிந்த அடையாளம் இருக்கிறது என்று நின்று நின்று பார்த்தார். 1953 ஜனவரி 31 இரவில் வடகடல் புயலோடு பொங்கி இந்தக் கிழக்குக் கரை முழுவதையும் உடைத்துக்கொண்டு வந்ததையும், இங்கிலாந்தில் மட்டும் 307 பேர் இறந்ததையும், அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துக் கரைகளைப் பல இடங்களில் உயர்த்தியதையும் சொன்னேன். "கரை உடையறதுக்கு முந்தின நாள் எல்லாக் கரையும் நல்ல கரைதான் மாப்பிள்ளை" என்றார். கொள்ளிடத்து வெள்ளங்களில் மூட்டை அடுக்கி இராத்திரி விழித்தவர் சொல்லும்போது அதற்கு ஒரு கனம் இருந்தது.

கைசன் முனையில் ஆறு ஒரு வளைவு எடுக்கிறது. ஓக் மரங்கள் கரை அரிப்பில் வேர் தெரியச் சாய்ந்து நிற்கும். சிறிய மணல் திட்டு ஒன்றும் உண்டு. அங்கே உட்கார்ந்து, கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆறு திரும்பிவிட்டது. முதலில் மிதவைகளின் தலை திரும்பியது. நிலத்துக்கு முதுகு காட்டி நின்ற படகுகள் ஒவ்வொன்றாகச் சுழன்று, ஏறக்குறைய ஒரே நேரத்தில், கடலுக்கு முதுகு காட்டின. பிறகு கரையோரத்தில் ஒரு கோடாகச் சேறு தெரிந்தது, கோடு பட்டையானது, பட்டை விரிந்தது. விரிந்த சேற்றுக்குப் பறவைகள் எங்கிருந்தோ வந்து சேர்ந்தன. பவளக்காலிகள் முதலில் வரும். கூச்சலும் அவைதான் அதிகம் போடும். கருவால் மூக்கன்கள் நீண்ட அலகை அடிவரைக்கும் சேற்றில் செருகி எடுத்தன. கோணமூக்கு உள்ளான்களும் இரண்டு மூன்று இருந்தன; இங்கிலாந்திலிருந்தே மறைந்துபோய், 1947இல் இந்த சஃபோக் கரைக்குத்தான் முதலில் திரும்பிக் குஞ்சு பொரித்த பறவை அது. பவளக்காலியையும் மூக்கனையும் மாமா கோடியக்கரையில் பார்த்திருக்கிறார், ஆகவே அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கரையடியில் சதைப்பிடிப்பாக, கணுக்கணுவாக நின்ற பச்சைச் செடியைக் கண்டதும் குனிந்து ஒரு கிள்ளு கிள்ளி வாயில் போட்டுப் பார்த்து, "உமரி" என்றார். உப்புக் கரித்தது என்று அவர் முகம் சொன்னது. இங்கே அதை வெண்ணெயில் வதக்கி மீனோடு சாப்பிடுகிறார்கள் என்றேன். "உப்பளத்தில் கிடக்கிறதை ஓட்டல்ல விக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கிள்ளு எடுத்துக்கொண்டார்.

கலுங்கு

திரும்பி வந்தபோது ஆறு பாதிக்குமேல் இறங்கியிருந்தது. வழியில் சங்கிலியில் கட்டியிருந்த படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. படகுத்துறையை நெருங்கியதும் மாமா நின்றுவிட்டார். வெளியே ஆற்றில் சேறு. உள்ளே, கைக்கெட்டும் தூரத்தில், படகுகள் மதியம் நின்ற அதே மிடுக்கோடு மிதந்துகொண்டிருந்தன. இரண்டு நீர் மட்டத்துக்கும் இடையே ஓர் ஆள் உயர வேறுபாடு. நுழைவாயிலில் இருந்த அளவுப் பலகையை அவர் படித்தார். படகுத்துறையின் வாசலுக்குக் குறுக்கே ஒரு நிலையான தடுப்பு உண்டு. அதன்மேல் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதை அந்தப் பலகை காட்டும். உள்ளே வரும் படகுக்காரர் தன் படகின் அடிக்கட்டை எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் என்பதோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நுழைய வேண்டும். போதாவிட்டால் வெளியே மிதவையில் கட்டிக்கொண்டு அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். நாங்கள் பார்த்த நேரத்தில் தடுப்பின்மேல் ஒரு சாணளவுக்கும் குறைவான நீர், கண்ணாடிப் பாளமாக வழிந்து வெளியே இறங்கிக்கொண்டிருந்தது.

"யார் திறந்து மூடுறாங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை, திறக்கவோ மூடவோ அதில் கதவே இல்லை என்றேன். மறுபடி அந்த வழிவைப் பார்த்தார். "அப்ப இது கலுங்கு." குளம் நிறைந்தால் மிஞ்சிய நீர் வழிந்தோடும் இடத்துக்கு நம்மூர்ப் பெயர் அது. சற்று நேரம் பேசவில்லை. நான் அதற்குள் ஆலையின் கதையையும், 7 ஏக்கரையும் அரை ஏக்கரையும், எனக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் இருக்கும் மனக்குறையையும் சொல்லி முடித்தேன். அவர் என் கட்சிக்கு வந்துவிடுவார் என்று உறுதியாக எதிர்பார்த்தேன். பாசனக் குளத்தை எடுத்து உல்லாசப் படகுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றால் ஒரு பொதுப்பணித்துறைக்காரருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"குளம் எங்கேயும் போகலையே. ஏற்றத்தில் ரொம்புது, வற்றத்தில் நிக்குது, மிஞ்சினது கலுங்கு வழியாப் போகுது. அன்னைக்குச் செஞ்ச வேலையைத்தான் இன்னைக்கும் செய்யுது. ஆயக்கட்டுதான் மாறியிருக்கு."

இந்த ஒரு வாக்கியத்தை நான் பல மாதங்களாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். ஆயக்கட்டு என்றால் ஒரு குளத்து நீரை நம்பியிருக்கும் பாசன நிலம். ஆலை நின்றால் குளமும் செத்துவிட்டதாகவே நான் கணக்குப் போட்டிருந்தேன். அவருக்குக் குளம் என்பது கரையும் வரத்தும் கலுங்கும். அவை மூன்றும் உயிரோடு இருந்தால் குளம் உயிரோடு இருக்கிறது. அதன் கீழே நெல் விளைகிறதா, கரும்பா, திரிகைக்கல் சுற்றுகிறதா, படகு மிதக்கிறதா என்பதெல்லாம் பயன்படுத்துபவர்களின் விவகாரம். ஒருபோக நிலம் இருபோகமாவதையும், நஞ்சை மனையாவதையும் பணிக்காலம் முழுக்கப் பார்த்தவருக்கு ஆயக்கட்டு மாறுவது புதிதல்ல. நீரைப் பிடித்துவைக்கும் அமைப்பு அழியாமல் இருக்கிறதா என்பதே அவருடைய கேள்வி. அந்தக் கோணத்தில் பார்த்தால், கட்டடத்தையும் சக்கரத்தையும் மாற்றி மாற்றிப் புதுப்பித்துக் காட்சிக்கு வைத்திருப்பதைவிட, பெயர்கூடச் சொல்லாமல் ஏற்றத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும் படகுத்துறையே பழைய ஆலையின் நேரடி வாரிசு.

அங்கேயே நின்று வாதாடினேன், இப்போதும் வாதாடுகிறேன். ஆயக்கட்டு மாறியது மட்டுமல்ல, முறையே தலைகீழாகிவிட்டது. ஆலை வற்றத்தில் வேலை செய்தது. ஏற்றத்தில் மூழ்கிக் கிடந்தது. படகுத்துறைக்கோ ஏற்றம்தான் வேலைப்பொழுது. படகுகள் போவதும் வருவதும் அந்தச் சில மணி நேரத்துக்குள். வற்றத்தில் வாசல் அடைத்துக்கொண்டு உள்ளே சிறைப்பட்ட நீரோடு கிடக்கும். ஆலைக்குக் குளம் ஒவ்வொரு முறையும் காலியாக வேண்டும். படகுக்குக் குளம் ஒருபோதும் காலியாகக் கூடாது. திறந்துவிடுவதற்காகவே நிரப்பிய நீருக்கும், திறந்துவிடாதிருப்பதற்காகவே நிரப்பிய நீருக்கும் கரை ஒன்று, வரத்து ஒன்று என்பதால் மட்டும் இரண்டும் ஒரே குளம் என்று சொல்லிவிட முடியுமா? மேட்டூரில் ஜூன் 12 வந்தும் தண்ணீர் திறக்காத ஆண்டுகளில் அணை நிறைந்தே இருந்திருந்தாலும் யாராவது அதைப் போய் அமைதியான ஏரி என்று மெச்சியிருப்பார்களா என்று கேட்டேன். மாமா சிரித்துவிட்டு, "அது அரசியல்" என்றார்.

ஆலைக்குள் நுழையும்போது அரைத்துக்கொண்டிருந்தார்கள். சக்கரம் சுற்றத் தொடங்கினால் தரைப்பலகையில் உள்ளங்கால் வழியாகவே அது தெரியும்; பிறகு மரப்பற்கள் கடகடக்கும் ஓசை, அதற்கும் பிறகு கல்லிலிருந்து வரும் இளஞ்சூட்டு மணம். மாமா மதகுக் கதவின் திருகைத்தான் முதலில் பார்த்தார். அதை இயக்கிய வெள்ளைத்தாடிப் பெரியவர் பணி ஓய்வுபெற்றவர், வாரத்தில் சில நாள் வந்து போகிறவர். "நம்ம லஸ்கர்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார் மாமா; மதகைத் திறந்து மூடும் ஊழியரை அவர் துறையில் அப்படித்தான் சொல்வார்கள். இருவருக்கும் பொதுமொழி அதிகமில்லை. கைகளால் திருகைச் சுற்றிக் காட்டியும், விரல்களால் அங்குலம் காட்டியும் வெகுநேரம் பேசிக்கொண்டார்கள். அரை ஏக்கர்க் குளத்தின் நீர், பழைய 4 மணி நேரத்துக்குத் தாங்காது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நிறுத்த வேண்டியதுதான். மதகை மூடியதும் சக்கரம் இரண்டு மூன்று சுற்று தானாகச் சுற்றி நின்றது. ஒரு பை முழுக்கோதுமை மாவு வாங்கிக்கொண்டோம். தவிடு கண்ணுக்குத் தெரியும் மாவு; மறுநாள் பிசைந்தபோது வழக்கத்தைவிடக் கூடுதலாக நீர் கேட்டது, சப்பாத்தி சற்று முரடாக, நல்ல மணத்தோடு வந்தது.

எதிர்க்கரை

வடக்கே நடந்தால் மெல்டனைத் தாண்டி வில்ஃபோர்டு பாலம் வரும். ஆற்றுக்குக் குறுக்கே அதுதான் கடைசிப் பாலம். அதற்குக் கீழே கடல்வரைக்கும் ஆற்றைக் கடக்கப் பாலம் கிடையாது. அதனால் ஆலைக்கு நேர் எதிரே மேட்டில் தெரியும் சட்டன் ஹூவுக்குப் போக, நேர்க்கோட்டில் ஒரு கூப்பிடு தூரம் என்றாலும், ஆற்றைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். அங்கேதான் 1939 கோடையில், நிலத்துக்கு உரியவரான ஈடித் பிரிட்டியின் அழைப்பில் பேசில் பிரவுன் ஒரு மேட்டைத் தோண்டி, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கப்பல் ஒன்றின் சுவட்டைக் கண்டார். 27 மீட்டர் நீளக் கப்பல். ஆனால் மரம் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. அமில மணல் அதைத் தின்றுவிட்டிருந்தது. இரும்பு ஆணிகள் மட்டும் வரிசை கலையாமல் இருந்த இடத்திலேயே இருக்க, மணலில் பலகைகளின் பதிவு ஒரு கப்பலாகவே நின்றது. உள்ளே இருந்த பொன்னையும் தலைக்கவசத்தையும் பிரிட்டி அம்மையார் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்.

அந்தச் சுவட்டை அளவெடுத்து, அதே அளவில், பச்சை ஓக் மரத்தைக் கோடரியால் செதுக்கி ஒரு கப்பலை இக்கரையில் ஒரு நீண்ட கொட்டகையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய ஓக் செதில்கள் தரையெங்கும் சிதறிக் கிடக்க, பாதி ஏறிய விலாச் சட்டங்களுக்கு நடுவே ஓர் அம்மாள் ஆணி அறைந்துகொண்டிருந்ததை மாமா நெடுநேரம் பார்த்தார். மரம் போய் வடிவம் மட்டும் மிஞ்சிய கப்பல் அது. அதற்கு மறுபடி மரம் போடுகிறார்கள். படகுத்துறையிலோ நீரும் கரையும் மிஞ்சி, அவற்றை வேண்டியிருந்த வேலை போய்விட்டது. இரண்டையும் ஒரே நாளில், அரை மணி நேர இடைவெளியில் பார்க்க நேர்ந்ததால்தான் என் வழக்கு இன்னும் சிக்கலாகிவிட்டது என்று நினைக்கிறேன். கப்பலை மறுபடி கட்டலாம் என்றால் குளத்தை ஏன் மறுபடி ஆலையோடு சேர்க்கக் கூடாது என்று மனம் உடனே கேட்கிறது. ஆனால் அந்தக் கப்பல் யாருடைய இடத்தையும் பிடிக்கவில்லை.

ரயிலில் திரும்பும்போது மாமா எடுத்த அடுத்த பேச்சு, நான் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. "தூர் யார் வாருறாங்க?" கலங்கலான ஆற்றுநீரை ஒரு நாளைக்கு இருமுறை உள்ளே விட்டு அசையாமல் நிறுத்தினால் வண்டல் அடியில் படியத்தான் செய்யும், எந்தக் குளமும் இதற்கு விலக்கல்ல. ஆலை ஓடிய காலத்தில் மதகு திறக்கும்போதெல்லாம் பாய்ந்த நீர், தன் வாய்க்காலில் படிந்ததைத் தானே அரித்துக்கொண்டு போயிருக்கும். நின்ற நீருக்கு அந்தச் சக்தி இல்லை. இயந்திரம் வைத்து அள்ள வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். படகு கட்டுபவர்கள் ஆண்டுக்கட்டணம் செலுத்துகிறார்கள், அதிலிருந்துதான் என்றேன். "அப்ப அதுதான் தண்ணீர் வரி. தீர்வை கட்டுற ஆயக்கட்டுதாரன் இருக்கிற வரைக்கும் குளத்துக்குப் பயமில்லை" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. வரி கட்ட ஆள் இல்லாமல் மேடாகி, பட்டா போட்டு, பேருந்து நிலையமாகிவிட்ட குளங்களின் பட்டியலை அவரும் நானும் அந்த ரயிலிலேயே ஒப்பித்திருக்கலாம்.

எனக்கு விட மனமில்லை. ஆலை தன்னார்வலர்களின் கையில், படகுத்துறை கட்டணக்காரர்களின் கையில். நீர் யார் பக்கம் நிற்கும் என்பது தெரிந்ததுதானே என்றேன். அவர் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு, அரை ஏக்கர்க் குளத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க இடம் இருக்கிறதா என்று விசாரித்தார். ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் ஆறு, மீதிப் பக்கம் படகுகள் என்றேன். மனத்துக்குள் ஏதோ கணக்குப் போட்டார். "படகுல ஒரு நாலு வரிசையைக் காலி பண்ணிக் குறுக்கே ஒரு கரை எடுத்தா, ஆலைக்காரருக்கு இன்னும் ஒரு மணி நேரம் கிடைக்கும். அடுத்த தடவை போகும்போது கேட்டுப் பாருங்க மாப்பிள்ளை." அதற்குப் பிறகும் போய்வந்திருக்கிறேன். ஒருவர் தன் படகின் பித்தளையைத் துடைத்துக்கொண்டிருந்தார், வணக்கம் சொன்னார், வானிலையைப் பற்றிப் பேசினோம். நாலு வரிசைக் கணக்கை அவரிடம் எடுக்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.